மேலும் பேசுவோம்

எல்வுட் ஹஸ்கின்ஸ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காத மனிதர். பீட்டர்பரோவின் டோனட் கடையில் காலைதோறும், "மேப்பிளா, சாக்லெட்டா?" என்று கேட்பார்கள். "எது அதிகம் மிஞ்சியிருக்கோ அது" என்பார். நகராட்சித் தேர்தலில் யாருக்கு என்று அண்டைவீட்டார் கேட்டால் பனிப்பொழிவைப் பற்றிப் பேசுவார். சமையலறைக்குப் பூசுவதற்கு மனைவி மேவிஸ் இரண்டு வண்ண அட்டைகளை நீட்டியபோது, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று தீர்ப்பளித்தார். மூன்று ஆண்டுகளாகச் சமையலறைச் சுவர் வெறும் அடிப்பூச்சோடு நிற்கிறது.

இது சோம்பலன்று, ஒருவகை விரதம். எல்வுட் மார்ட்டன் திட்டத்தின் செயலாளர். மார்ட்டன் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். முந்நூறு பேர் ஊதியமின்றிச் சேர்ந்து எழுதுவது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், முதலாளி கிடையாது. முதலாளி இல்லாத இடத்தில் விதிப்புத்தகம் தடிமனாகிவிடுகிறது. அந்தப் புத்தகத்தின்படி பெரிய விஷயங்களை வாக்கெடுப்பு தீர்மானிக்கும்; வாக்கெடுப்பைச் செயலாளர் நடத்துவார்; செயலாளர் யார் பக்கமும் சாயக் கூடாது. அவர் வாக்களிக்கவே கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனாலும் எல்வுட் பதினான்கு ஆண்டுகளாக வாக்களித்ததில்லை. இன்று மேப்பிள் டோனட்டைக் கேட்டு வாங்கிவிட்டால் நாளை வேறெதிலாவது சாய்ந்துவிடுவோம் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

இப்படிப்பட்டவரிடம்தான் தொடக்க நிரல் வழக்கு வந்து சேர்ந்தது.

கணினியின் பொத்தானை அழுத்தியதும் முதலில் தான் விழித்து, பிறகு மற்ற நிரல்களையெல்லாம் எழுப்புகிற நிரல் ஒன்று உண்டு. மார்ட்டனில் இருபது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவருவதன் பெயர் படிக்கட்டு. அது பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தட்டி எழுப்புகிற தாயைப் போன்றது. மூத்தவன் பல் விளக்கி முடித்த பிறகே இளையவனைத் தொடும். புதிதாக வந்தது தேன்கூடு. அது ஒரே ஒரு தட்டுத் தட்டி மொத்த வீட்டையும் எழுப்பிவிடும். வேகம் மிகுதி, குளியலறை வாசலில் நெரிசலும் மிகுதி. வேண்டியவர் வேண்டியதை வைத்துக்கொள்ளலாம் என்பதில் தகராறு இல்லை. எதையும் படிக்காமல் 'சரி, சரி' என்று அழுத்திக்கொண்டே போகிறவரின் கணினியில் எது தானாக வந்து உட்கார வேண்டும்? சண்டை அதில்தான். அடுத்த பதிப்பே அந்த விடைக்காகக் காத்துக் கிடந்தது.

படிக்கட்டைப் பராமரித்தவர் கிச்சனர் நகரத்து ரோஸ்வித்தா கெர்லாக். தேன்கூட்டைப் பராமரித்தவர் ஹாலிஃபாக்ஸில் இருந்த டெஸ்மண்ட் ஃபைஃப். டெஸ்மண்டை எல்வுட்டுக்குப் பிடிக்கும். ஆனால் ரோஸ்வித்தாதான் அவரை இத்திட்டத்துக்குள் கைபிடித்து அழைத்துவந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் தொலைபேசியில் பேசாத வாரம் இருபது ஆண்டுகளில் இல்லை.

"தோத்தா நான் அழ மாட்டேன், எல்வுட்," என்று ஒரு ஞாயிறு ரோஸ்வித்தா சொன்னார். "ஆனா இவங்க என்னை அசிங்கப்படுத்தினா, போயிடுவேன். அப்புறம் நீ கூப்பிட்டாலும் வர மாட்டேன்."

அன்றிலிருந்து எல்வுட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழக்கு முடிய வேண்டும். முடியும்போது ரோஸ்வித்தா உள்ளே இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் வாக்கெடுப்புச் சீட்டில், விருப்பப்படி முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்த வேண்டிய மூன்று வரிகள் இருந்தன. படிக்கட்டு, தேன்கூடு, கடைசியில் 'மேலும் பேசுவோம்'. அந்தக் கடைசி வரி எல்லா வாக்கெடுப்பிலும் இருக்கும், அது விதி. வெல்ல விரும்புகிற எதுவும் முதலில் அந்த வரியை ஒரு வாக்கு வித்தியாசத்திலாவது தோற்கடிக்க வேண்டும். சமமாக வந்தால், மேலும் பேசியாக வேண்டும்.

வாக்குகளை எண்ணும் நிரலைக் காத்துவந்தவர் மாங்டன் நகரத்து ஓடீல் கோர்மியே. திட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்க, அவர் ஒருவர் மட்டும் செயலாளரை 'மிஸ்டர்' போட்டு அழைப்பார்.

"மிஸ்டர் ஹஸ்கின்ஸ், எண்ணி முடிச்சிட்டேன்," என்றார் தொலைபேசியில். "படிக்கட்டு பின்னாடி நின்னுடுச்சு. தேன்கூட்டுக்கு நூத்தியொண்ணு. மேலும் பேசுவோமுக்கு நூத்தியொண்ணு."

"சமமா?"

"சமம்."

"அட, ஒரே ஒரு ஓட்டு!"

"ஒண்ணுன்னாலும் ஓட்டுதானே, மிஸ்டர் ஹஸ்கின்ஸ்."

எண்ணிக்கை வெளியானதும் முந்நூறு பேரின் அஞ்சல் குழுவில் ஒரே கேள்வி கிளம்பியது. யார் அந்த ஒருத்தர்? தேன்கூட்டுக்காரர்கள் படிக்கட்டுக்காரர்களைக் காட்டினார்கள். படிக்கட்டுக்காரர்கள், எங்களில் நூறு பேர் வெளிப்படையாகவே எதிர்த்தோம், ஒளிந்துகொண்டிருக்கும் அந்த ஒருவர் உங்களுக்குள்தான் இருக்கிறார் என்றார்கள்.

ஆரிகனிலிருந்து ஓர் உறுப்பினர் வேறு காரணம் கண்டுபிடித்தார். சீட்டின் முதல் வரியில் படிக்கட்டு இருந்தது. மனிதக் கண் முதல் வரியில் மயங்கும். ஆகவே சீட்டின் வரிசையே அநீதி.

எல்வுட்டுக்கு அது நியாயமாகப் பட்டது. அவருக்கு எல்லாமே நியாயமாகப் படும். மேவிஸின் கம்பளித் தொப்பியில் இரண்டு துண்டுக் காகிதங்களைப் போட்டு, குலுக்கி எடுத்து, புதிய வரிசையை அறிவித்தார்.

"குலுக்கினதுக்கு என்ன சாட்சி?" என்று கேள்வி வந்தது. மறுபடி குலுக்கிப் படம்பிடித்து அனுப்பினார். கம்பளியில் எழும் மின்னூட்டத்தால் கனமான காகிதம் அடியில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் பதினொரு பக்கத்துக்கு எழுதினார். சீட்டை வட்டமாக அச்சிட்டால் முதலும் முடிவும் இராது என்று எல்வுட் யோசனை சொன்னார். "வட்டத்துக்கும் உச்சி இருக்கே!" என்றார்கள்.

"எல்வுட், என் தொப்பி எங்க?" என்று மேவிஸ் வாசலில் நின்று கேட்டார்.

"அது இப்ப ஆவணம், மேவிஸ். தொட முடியாது."

"வெளியில மைனஸ் பதினெட்டு."

"ஆட்சேபம் சொல்ல ரெண்டு வாரம் டைம் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"அப்ப என் ஆட்சேபத்தையும் எழுதிக்க," என்று சொல்லிவிட்டு, மேவிஸ் எல்வுட்டின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

கடைசியில் ஓடீல்தான் வழி கண்டார். ஒவ்வொருவருக்கும் வரிசையை வேறுவேறாகக் கலைத்து அனுப்பினால் போயிற்று. ஆனால் சீட்டில் சிறு மாற்றம் செய்தாலும் விவாதக் காலம் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. விவாதக் காலம் நீண்டால் புதிய முன்மொழிவுகள் முளைக்கும். ஐந்து பேர் ஆதரித்தால் எதுவும் சீட்டில் ஏறலாம். 'தேன்கூடு, ஆனால் படிக்கட்டுக்கு மரியாதை' என்று ஒன்று ஏறியது. 'படிக்கட்டு, ஆனால் தேன்கூட்டுக்கு மரியாதை' என்று அதன் நேரெதிர் ஏறியது. மரியாதை என்றால் என்ன என்று வரையறுக்க ஒரு குழு வேண்டும் என மூன்றாவது ஏறியது. 'பயனரே தேர்ந்தெடுக்கட்டும்' என்பது மட்டும் ஏறுமுன்பே கவிழ்ந்தது. அப்படிக் கேட்கும் திரையில் முதலில் எதை எழுதுவது என்பதில் அவர்களுக்குள் பிளவு.

இரண்டாம் வாக்கெடுப்பு. மரியாதையோடு கூடிய தேன்கூடு முன்னணியில் வந்தது.

"எவ்வளவு, ஓடீல்?"

"நூத்திநாலு."

"மேலும் பேசுவோம்?"

ஓடீல் இருமினார். "நூத்திநாலு."

எல்வுட் தொலைபேசியை வைத்துவிட்டு, சமையலறையில் மேசைக்கும் சன்னலுக்குமாகப் பதினேழு முறை நடந்தார். மேவிஸ் எண்ணினார்.

அந்த மாத இறுதியில், திட்டத்தின் ஆண்டுக்கூட்டத்துக்குச் சட்டை தைப்பவர்கள், மார்பில் 'அந்த ஒருத்தர் நான் இல்லை' என்று அச்சிட்ட சட்டையை விற்கத் தொடங்கினார்கள். நூற்றைம்பது சட்டைகள் இரண்டே நாளில் தீர்ந்தன. எல்வுட்டும் ஒன்று வாங்கினார். ஆனால் சார்பு தெரியும் என்று அணியவில்லை.

மேவிஸ்தான் பொறுமை இழந்தார். "அந்த ரெண்டு பேரையும் இங்க கூப்பிடு. என் மேசையில உட்காரட்டும்."

"நேர்ல பேசினா ரகசியக் கூட்டம்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நான் சூப் வைக்கறேன்."

மார்ச் மாதத்துச் சேறும் பனியுமான ஒரு சனிக்கிழமை டெஸ்மண்ட் விமானம் ஏறி வந்தார். ரோஸ்வித்தா காரோட்டி வந்தார். ஆறு மாதங்களாக ஒருவரையொருவர் வரிவரியாக மேற்கோள் காட்டிக் கிழித்துக்கொண்டவர்கள், நிறமற்ற சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து சூப்பை ஊதினார்கள்.

"நீ இவ்வளவு உயரம்னு நினைக்கல," என்றார் ரோஸ்வித்தா.

"நீங்க இவ்வளவு குள்ளம்னு நானும் நினைக்கல. எழுத்துல ஏழடி இருந்தீங்க," என்றார் டெஸ்மண்ட்.

"ஏழடிக்கு என்னை ஏத்திவிட்டது யாரு? 'அருங்காட்சியகத்துக் காவலாளி'ன்னு எழுதினது யாரு?"

"அது நீங்க என்னை 'தீப்பெட்டியோட திரியிற ஆளு'ன்னு சொன்னதுக்கு அப்புறம்."

"உன் தேன்கூடு எங்க பனிச்சறுக்குச் சங்கத்துக் கம்ப்யூட்டரைப் படுக்க வச்சுதே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"படுத்துதா? எப்ப? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே! நாப்பதாவது பத்தியில!"

"நாப்பதாவது பத்தியை யாரு படிப்பாங்க, ரோஸ்வித்தா?"

ரோஸ்வித்தா சிரித்துவிட்டார். அதன்பின் இரண்டு மணி நேரமே ஆயிற்று. புதிதாக நிறுவுகிறவர்களுக்குத் தேன்கூடு. ஏற்கெனவே படிக்கட்டில் இருப்பவர்களை யாரும் தொடக் கூடாது. படிக்கட்டுக்காக எழுதப்பட்ட பழைய கட்டளைகள் ஓர் எழுத்தும் மாறாமல் தேன்கூட்டிலும் பத்து ஆண்டுகள் ஓட வேண்டும். அதற்கான உழைப்பை டெஸ்மண்ட் தருவார். சரியாக ஓடுகிறதா என்று ரோஸ்வித்தா பார்ப்பார். இருவரும் கையெழுத்திட்டார்கள். எல்வுட் தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூப்பில் மிளகு அதிகம் என்று சொல்லிக்கொண்டார்.

வாசலில் காலணியை மாட்டியபடியே ரோஸ்வித்தா திரும்பினார். "இது முடிஞ்சு போச்சுன்னா ஞாயித்துக்கிழமை நாம எதைப் பத்திப் பேசறது, எல்வுட்?"

எல்வுட் சிரித்தார். அந்தச் சிரிப்பு நான்கு வாரம்தான் நிலைத்தது.

எதிர்பார்த்தபடியே சிலர் "சமையலறைச் சதி" என்று கூவினார்கள். சமரசம் என்ற சொல்லைக் கேட்டதுமே இரு தரப்பிலும் இருந்த கடுங்கோபக்காரர்கள் முதன்முறையாக ஒன்றுசேர்ந்தார்கள். அந்த அளவுக்கு அந்தச் சமரசம் ஒற்றுமையை வளர்த்தது. ஆனாலும் பெரும்பாலோர் களைத்திருந்தார்கள். களைத்தவர்கள் ஆதரிப்பார்கள். எல்வுட் வாக்குப் பெட்டியைத் திறந்தார். பெட்டி ஒழுங்காக வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டு வாரம் நகத்தைக் கடித்தார்.

"நூத்திப்பதினெட்டு," என்றார் ஓடீல்.

"சமரசத்துக்கா?"

"ரெண்டுக்கும்."

எல்வுட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஓடீல். யாரும்மா அந்த ஒருத்தர்?"

"அது உங்ககிட்ட சொல்ற விஷயம் இல்ல, மிஸ்டர் ஹஸ்கின்ஸ்."

"திட்டமே உடையப் போகுது!"

"உடைஞ்சாலும் சீட்டு ரகசியம்தான்," என்றார் ஓடீல், வருத்தத்தோடு.

சான்று இல்லாத இடத்தில் மனம் ஓடியாடிச் சான்று தேடும். எல்வுட்டின் மனம் மூன்று நாள் ஓடியது. மூன்று வாக்கெடுப்பும் ஒரே ஒரு வாக்கில். மூன்றிலும் பேச்சு நீள வேண்டும் என்று விரும்பிய ஒருவர். யாருக்குப் பேச்சு நீள வேண்டும்? காலணியை மாட்டியபடி நின்ற ரோஸ்வித்தாவின் உருவம் அவர் கண்முன் வந்தது. ஞாயித்துக்கிழமை நாம எதைப் பத்திப் பேசறது?

"மேவிஸ், ரோஸ்வித்தாவா இருக்குமோ?"

"ரோஸ்வித்தாவா? உனக்குப் பைத்தியமா?"

"கேட்டுடறது நல்லதில்லையா?"

"கேக்கணும்னா போன் பண்ணிக் கேளு. எழுதாதே. நீங்கெல்லாம் எழுதினா உருப்படாது."

எல்வுட் எழுதினார். அன்று காலை ரோஸ்வித்தாவிடமிருந்து வந்திருந்த அஞ்சலைத் திறந்து, 'பதில்' பொத்தானை அழுத்தி, மிக மென்மையாக எழுதினார். நட்புக்காகக் கேட்கிறேன், கோபிக்காதே, அந்த ஒருத்தர் நீயா, நம் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துத்தான் அப்படிச் செய்தாயா, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அஞ்சல் குழுவில் ஒருவருக்குப் பதில் எழுதினால் அது அவருக்கு மட்டும் போக வேண்டுமா, எல்லாருக்கும் போக வேண்டுமா என்று எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாக்கெடுப்பு நடந்திருந்தது. அதில் 'மேலும் பேசுவோம்' வென்றது. ஆகவே பழைய ஏற்பாடே தொடர்ந்தது. ஆகவே எல்வுட்டின் மென்மையான கடிதம் முந்நூறு பேருக்கும் போனது.

ஒரு மணி நேரம் குழுவில் எவரும் எழுதவில்லை. அப்படி ஓர் அமைதி அங்கே எப்போதும் நிலவியதில்லை.

பிறகு ரோஸ்வித்தாவின் பதில் வந்தது. தம்முடைய சீட்டை அப்படியே ஒட்டியிருந்தார். முதலிடம் சமரசத்துக்கு. கடைசி இடம் 'மேலும் பேசுவோமு'க்கு. கீழே இரண்டு வரி. 'நான் அந்த ஒருத்தர் இல்லை. இன்றோடு இத்திட்டத்தில் நான் யாருமில்லை.' படிக்கட்டைத் திறக்கும் சாவிகளையெல்லாம் அவர் அன்று மாலையே ஒப்படைத்துவிட்டார்.

எல்வுட் முந்நூறு பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதற்குப் பதினேழு பதில்கள் வந்தன. ஒருவர் தம் சீட்டை வெளியிட்டால் அந்த வாக்கெடுப்பு செல்லுமா என்று முதலாமவர் கேட்டார். செல்லாது என்று அறிவிக்க ஒரு முன்மொழிவை ஒன்பது நிமிடத்தில் ஐந்து பேர் ஆதரித்தார்கள். மன்னிப்பில் 'தவறுதலாக' என்ற சொல் வந்தது. கடிதம் எழுதியது தவறா, எல்லாருக்கும் போனது தவறா என்று தெளிவுபடுத்தக் கோரி இன்னொரு முன்மொழிவு ஏறியது. எல்வுட் தெளிவுபடுத்தினார். தெளிவுரைக்கு இருபத்தாறு பதில்கள் வந்தன. ரோஸ்வித்தாவுக்கு நேரடியாக எழுதிய அஞ்சல்கள் நான்கும் திறக்கப்படவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி வந்தது. எல்வுட் தொலைபேசியின் அருகில் நின்றார். பத்தேகால் ஆயிற்று. பத்தரை ஆயிற்று. அவர் அதைக் கையில் எடுத்துச் செவியில் வைத்துப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது.

"கோட்டைப் போடு," என்றார் மேவிஸ். அவர் கையில் கார்ச் சாவியும் ஒரு டப்பா நிறைய பட்டர் டார்ட் பலகாரமும் இருந்தன.

"எங்க?"

"கிச்சனருக்கு. இதுல ரெண்டு பக்க நியாயம் ஒண்ணும் கிடையாது."

வழியெல்லாம் எல்வுட் இருக்கையில் நெளிந்துகொண்டே வந்தார். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். அது பத்திபத்தியாக வந்தது.

"நாப்பதாவது பத்திக்குப் போயிடாதே," என்றார் மேவிஸ், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

கேம்பிரிட்ஜுக்கு அருகே பெட்ரோல் போட நிறுத்தியபோது எல்வுட் கைப்பேசியை எடுத்தார். ஏதோ நான்கு வரி எழுதினார். ஒருமுறை படித்தார். திருத்தாமல் அனுப்பினார். பதினான்கு ஆண்டுகளில் அவர் திருத்தாமல் அனுப்பிய முதல் அஞ்சல் அதுதான்.

ரோஸ்வித்தா வீட்டு வாசலில் உறைபனியை மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார். காரைக் கண்டதும் நிறுத்தவில்லை. இன்னும் பலமாகக் கொத்தினார்.

"ரோஸ்வித்தா," என்றார் எல்வுட்.

"படிக்கட்டு வழுக்கும். அங்கேயே நில்லு."

எல்வுட் அங்கேயே, கணுக்கால் ஆழத்துச் சேற்றுப்பனியில் நின்றார். "நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். ஆதாரம் எதுவும் இல்லாம. அது தப்பு. கடிதம் எல்லாருக்கும் போனது ரெண்டாவது தப்பு. எழுதினதே முதல் தப்பு."

"எது வலிச்சுது தெரியுமா உனக்கு?" மண்வெட்டி நின்றது. "முந்நூறு பேரு பார்த்தது இல்ல. இருபது வருஷமா போன்ல பேசற, இதை மட்டும் எழுதிக் கேட்ட பாரு, அது."

"ஆமா."

"ஆமான்னா?"

"ஆமா, அதுதான் பெரிய தப்பு. உன் குரலைக் கேட்டிருந்தா எனக்கு உடனே தெரிஞ்சிருக்கும். அதுக்குப் பயந்துதான் எழுதினேன்."

மேவிஸ் காரிலிருந்து இறங்கி, டார்ட் டப்பாவை அணைத்தபடி நின்றார்.

"செயலாளர் பதவியை விட்டுட்டேன்," என்றார் எல்வுட். "வர்ற வழியிலதான் எழுதி அனுப்பினேன். யார் பக்கமும் சாயாதவன் உட்கார வேண்டிய நாற்காலி அது. நான் அதுல உட்கார்ந்துக்கிட்டு உன் மேல சாய்ஞ்சு விழுந்தேன். இனிமே அது வேற யாருக்காவது. உன்னைத் திரும்பி வான்னு கேக்கறதுக்கு வரல. வந்தா, பழைய கட்டளையெல்லாம் தேன்கூட்டுல ஓடுதான்னு பார்க்கற வேலையில உனக்கு ஒரு எடுபிடி வேணும். அந்த வேலை எனக்குப் போதும். வரலைன்னாலும் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் போன் பண்ணுவேன். எடுக்கறதும் எடுக்காததும் உன் இஷ்டம்."

ரோஸ்வித்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பதினாலு வருஷ நாற்காலி. ஒரு பெட்ரோல் பங்க்ல விட்டுட்டியா?"

"நாலு வரியில."

"நாலே வரியா? நீயா?" மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "சரி, உள்ள வாங்க ரெண்டு பேரும். ஷூவைக் கழட்டிட்டு வா, எல்வுட், குளம் மாதிரி இருக்கு. எடுபிடிக்கு நான் ரொம்பக் கண்டிப்பு, முன்னாடியே சொல்லிட்டேன்."

எல்வுட் ஈரக் காலுறையோடு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் முதன்முறையாக அவர் கால் ஆடவில்லை. ரோஸ்வித்தா டார்ட்டைக் கடித்து, மேவிஸிடம் எத்தனை முட்டை என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது கைப்பேசி ஒலித்தது. மாங்டன் எண். எல்வுட் அதை எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். இனி அவரிடம் ரகசியம் எதுவும் இல்லை.

"மிஸ்டர் ஹஸ்கின்ஸ், உங்க ராஜினாமாவைப் பார்த்தேன்," என்றார் ஓடீல். "மூணு மாசமா என் தொண்டையில ஒண்ணு சிக்கியிருக்கு. எந்தச் சீட்டைப் பத்தியும் செயலாளர்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு விதி. அவரோட சீட்டைப் பத்திக்கூட. இப்ப நீங்க வெறும் உறுப்பினர்தானே. உறுப்பினர்கிட்ட அவர் சீட்டைப் பத்திப் பேசலாம்."

"என் சீட்டா?" எல்வுட் சிரித்தார். "நான்தான் ஓட்டே போடறதில்லையே, ஓடீல்!"

ரோஸ்வித்தா மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்ப என்னை நீங்க எல்லாரும் மன்னிக்கணும், மிஸ்டர் ஹஸ்கின்ஸ்," என்றார் ஓடீல். "ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறந்த உடனே, அது வேலை செய்யுதான்னு பார்க்க, எந்தப் பக்கமும் சாயாம 'மேலும் பேசுவோம்'னு முதல்ல போட்டு ஒரு சீட்டு அனுப்புவீங்களே, அதை உங்க ஓட்டுன்னு நினைச்சுப் பதினாலு வருஷமா எண்ணிட்டு வரேன்."